ஒரே கம்பியில் பிரிஜெட்

பிரிஜெட் என்ற பெயரைக் குணவதி முதலில் கேட்டது டெலிபோனில்தான். முகம் பார்த்ததெல்லாம் வெகுநாள் கழித்து. எழுபதுகளின் நடுவில், சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டம். அதன் நாலு டிவிஷனுக்கும் ரப்பர் பால் ஆலைக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பி. ஒரு மணி அடித்தால் எல்லா ஆபீஸிலும் அடிக்கும். குணவதி இரண்டாம் டிவிஷன் ஆபீஸைத் திறந்து கூட்டுகிறவள்.

மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது; அதனால் விடியுமுன் எங்கே மழை, எங்கே வெட்டு என்று ஒவ்வொரு டிவிஷனும் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்கள். ஒருநாள் அந்த இரைச்சலுக்குள் ஒரு குரல்.

"ஐயோ, நிறுத்துங்க லா! மூணாம் டிவிஷன் பிரிஜெட் பேசறேன். எல்லாரும் எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, நான் மொத்தமா திருப்பிச் சொல்றேன். நான் இல்லாட்டி ரெண்டாம் டிவிஷன் சொல்லட்டும்."

அன்றிலிருந்து அப்படித்தான். குணவதியும் எல்லாவற்றையும் காதில் வாங்கி வைப்பாள்.

பிறகு அலோர் ஸ்டாரிலிருந்து தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி லியோனார்ட் முதல் டிவிஷனுக்கு மாற்றலாகி வந்தார்.

"நான் பெரிய கிராணி. இனிமே நான்தான் சொல்வேன்."

"நடுவுல மாத்தினா குழப்பம் சார். சொல்றவங்க நல்லா இருக்கிற வரைக்கும் அவங்களே சொல்லட்டும்" என்றாள் பிரிஜெட்.

அவர் கேட்கவில்லை. மறுநாள் இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல, பால் ஏற்றும் லோரி ஓட்டும் அய்யாவு குழம்பிப்போய் மழை பெய்த டிவிஷனில் போய்ச் சும்மா நின்றார். வெட்டு நடந்த இடத்தில் பால் உறைந்துபோனது. மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் லியோனார்ட். அதற்குப் பிறகு தன் மழையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

ஒரு ஜூலையில் பிரிஜெட் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவுக்குப் போய்விட்டாள். "மூணாம் டிவிஷன்? மூணாம் டிவிஷன்?" பதிலே இல்லை. குணவதி யாரையும் கேட்கவில்லை. "எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். ஒவ்வொன்றாகக் கேட்டு, மொத்தமாகத் திருப்பிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒரு ருசி தட்டிவிட்டது.

திருவிழா முடிந்து குரல் வந்தது. "வந்துட்டேன் லா. கொண்டாங்க என் வேலைய!"

குணவதிக்குக் கொடுக்கவும் மனசில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. லியோனார்ட் முந்திக்கொண்டார்.

"அது எப்படி? நடுவுல மாத்தினா அய்யாவு லோரி எங்க போய் நிக்குமோ!"

 பிரிஜெட் சிரித்த சிரிப்பு எல்லா ஆபீஸிலும் கேட்டது.

"நான் போட்ட சட்டம் எனக்கே வந்துடுச்சா! சரி குணவதி, நீயே வச்சுக்க. எங்க டிவிஷன்ல நல்ல மழை, எல்லாருக்கும் சொல்லிடு."

எண்பதுகளில் டிவிஷனுக்கொரு தனி லைன் வரும்வரை குணவதிதான் சொன்னாள். பிரிஜெட் இப்போது பாக்கார் ஆராங்கில், மகன் சிரில் வீட்டில் இருக்கிறாள்.