மஞ்சள் ஓடு இல்லாத ஏழு காலடி

நுமாஜிரி ஸ்டேஷனுக்குள் இருக்கும் என் நூடுல்ஸ் கடைக்குச் சாப்பிட வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நூடுல்ஸ் கிண்ணத்தை முன்னால் வைத்ததும் ஆள்காட்டி விரலை நீட்டி, "வெங்காயத்தாள், சரி. சூடு, சரி" என்று சொல்லிவிட்டுத்தான் குச்சிகளைப் பிரிப்பார். வேண்டுமென்றே செய்வதில்லை. மெட்ரோ நடைமேடையில் இருபத்திரண்டு வருடம் நின்று, ஒவ்வொரு ரயிலுக்கும் சிக்னலையும் கதவையும் விளிம்பையும் கை நீட்டிக் காட்டி உரக்கச் சொன்னவர். கை தானாக எழுந்துவிடுகிறது. கல்யாணம்கூட ஒருமுறை நடந்தது. படுக்கும்முன் தினமும் "அடுப்பு, சரி. ஜன்னல், சரி" என்பதைக் கேட்டு அலுத்து, அந்தக் கணவர் இரண்டே வருடத்தில் பெட்டியைக் கட்டினார். "அவரு போனதும் வாசக்கதவு சரியா மூடியிருக்கான்னும் பாத்தேன்" என்று நுமாஜிரியே சொல்லிச் சிரிப்பார்.

பிறகு நடைமேடையில் தானியங்கிக் கதவுகள் வைத்தார்கள். கூடவே பதிவு செய்த ஒரு குரலும் வந்தது. தேன் ஒழுகும் அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நுமாஜிரியை மேலே டிக்கெட் கதவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆறு வருடமாக அங்கே கழிப்பறை எந்தப் பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாக அவர் சொன்னதில்லை. எனக்கு இருந்தது.

எங்கள் ஸ்டேஷனில் ரயில் ஒரு கம்பெனி, மெட்ரோ வேறு கம்பெனி. இரண்டுக்கும் நடுவே தரையில் ஒரு பித்தளைப் பட்டை ஓடுகிறது. என் கடை ரயில் பக்கம், அவர் கதவு மெட்ரோ பக்கம். சீருடையோடு பட்டையைத் தாண்டினால் கடிதம் எழுத வேண்டும். ஒருமுறை யாரோ தவறவிட்ட குடையை எடுக்க நுமாஜிரி இரண்டடி தாண்டிவிட்டு, மூன்று பிரதி மன்னிப்புக் கடிதம் எழுதினார். பார்வையில்லாதவர்கள் காலால் உணர்ந்து நடக்கப் பதித்த மஞ்சள் ஓடுகளுக்கும் இதே கதிதான். ரயில்காரர்களின் ஓடு பட்டைக்கு முன்பே முடிகிறது. மெட்ரோவின் ஓடு பட்டையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளித்தான் தொடங்குகிறது. நடுவே ஏழு காலடி வெறும் தரை. அதை யார் போடுவது என்று ஒன்பது வருடமாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. காலை எட்டு மணிக்கு நான்கு படிக்கட்டு ஜனமும் குறுக்கும் நெடுக்குமாகப் போவது அந்த ஏழு காலடியில்தான்.

போன திங்கட்கிழமை ஒரு பெண் என் கடையில் நூடுல்ஸ் வாங்கி, ஒரு வாய்கூட வைக்காமல் போனார். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை நான் வாயைத் திறந்தேன்.

"ருசி புடிக்கலேன்னா சொல்லிடுங்கம்மா. கீழ கொட்டவா நான் விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு சூப் வைக்கிறேன்?"

அவர் கண் கலங்கியது. அவர் கணவர் குரிஹராவுக்குப் போன வருடம் பார்வை போய்விட்டதாம். ஆபீஸில் அவர் வேலையை அவருக்கென்றே வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நாளாவது யார் கையையும் பிடிக்காமல் போய்ச் சேராவிட்டால், வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். மற்ற இடமெல்லாம் பழகிவிட்டது, இந்த ஏழு காலடியில்தான் தினமும் யாராவது கையைப் பிடிக்கும்படி ஆகிவிடுகிறது. மனைவி பல் ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் முன்னதாக வந்து என் கடையில் நின்று பார்க்கிறார்.

அன்று மதியம் வழக்கம்போல் சீருடைக் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிட வந்த நுமாஜிரியிடம் இதைச் சொன்னேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். என்ன மனுஷி இவர் என்று எனக்குக் கோபம் வந்தது. வியாழக்கிழமை ஒரு கல்லூரிப் பெண் நல்ல மனதோடு குரிஹராவின் முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனாள். நுமாஜிரி டிக்கெட் கதவுக் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெளியூர்க்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை குரிஹரா வந்தார். ஓடு முடிந்த இடத்தில் நின்றார். ஒரு பெட்டி அவர் தடியில் இடித்துக்கொண்டு போக, தடுமாறித் திரும்பியவருக்குத் திசை தப்பிவிட்டது. மாடிப்படிப் பக்கம் திரும்பி நின்றார். மனைவி குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஓடப் போனார். நான் கவுண்டருக்கு மேலாக எட்டி அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். எதிரே நுமாஜிரி பட்டை வரைக்கும் வந்து, ஷூ நுனி அதைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வலது கை மேலே எழுந்தது.

"முன்பக்கம், இங்கே!"

ஆறு வருடமாகக் கேட்காத குரல். என் அடுக்கில் கிண்ணங்கள் அதிர்ந்தன. குரிஹராவின் முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"வலது, நிறுத்தம். இடது, நிறுத்தம்."

எங்கள் ஜனம் ஸ்டேஷனில் அப்படி ஒரு குரல் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்காது. இரண்டு பக்கமும் கூட்டம் அப்படியே நின்றது.

"நடுவழி, சரி."

குரிஹரா நடந்தார். நான் எண்ணினேன். ஏழாவது அடியில் அவர் தடி மெட்ரோவின் மஞ்சள் ஓட்டில் தட்டியது. நுமாஜிரி கை கொடுக்கவில்லை, பெயர் கேட்கவில்லை. "மூணாவது கதவு, சரி" என்று மட்டும் சொன்னார்.

"குரல் போதுங்க. கை வேணாம்" என்று சொல்லிவிட்டு குரிஹரா உள்ளே போனார்.

மனைவி ஆறிப்போன நூடுல்ஸைச் சூப்போடு சாப்பிட்டு முடித்தார். மூக்கைச் சிந்திக்கொண்டு, திங்கட்கிழமை தான் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். நானும் அழுதேன். வெங்காயத்தைச் சாக்குச் சொல்ல நினைத்தேன், அன்று அதுவும் நறுக்கவில்லை.

மதியம் ரயில் கம்பெனி அதிகாரி ஒருவர் நுமாஜிரியிடம் வந்து பணிவாகக் குனிந்தார். தங்கள் எல்லைக்குள் மெட்ரோ ஊழியர் கூட்டத்தை நிறுத்தியதாகப் புகார் வந்திருக்கிறது, பட்டையைத் தாண்டினீர்களா என்று கேட்டார். நுமாஜிரி அவரைவிடத் தாழ்வாகக் குனிந்து எழுந்தார்.

"கால் தாண்டலைங்க. குரல்தான் தாண்டுச்சு. திங்கக்கெழம எட்டு மணிக்கும் தாண்டும்."