சோடாவில் கேஸ் இல்லை

குமணன்சாவடிப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். அன்று ஆறாம் வகுப்புக்கு உலர்திராட்சையை ஆடவைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். சோடாவில் போட்டால் திராட்சை முதலில் மூழ்கும். அதன் சுருக்கங்களில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு மேலே தூக்கும். மேலே வந்ததும் குமிழிகள் உடைய, மறுபடி கீழே போகும்.

போட்டேன். போனது போனதுதான், அடியிலேயே கிடந்தது. "மிஸ், தூங்குது!" என்று ஒரு குரல், வகுப்பே சிரித்தது. கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. அறை பெருக்கும் ஆயாம்மாவைக் கூப்பிட்டேன். காலையில் அந்த அறையைத் திறந்தது அவர்தான், வேறு காரணம் என்னிடம் இல்லை.

"பாட்டிலைத் திறந்தது யாரு? கேஸ் எல்லாம் போச்சு. கேஸுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் தொடவே இல்ல மிஸ். கேஸு கீஸுன்னு போவாதீங்க மிஸ். ஊட்ல கண்ணாலத்துக்குப் பொண்ணு கீது."

நான் சொன்னது சோடாவின் கேஸ். அவர் காதில் விழுந்தது போலீஸ் கேஸ். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உடனே திருத்தியிருக்கலாம். அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது: முந்தின நாள் பள்ளி விட்டதும் ஒத்திகை பார்க்கிறேன் என்று அந்தப் பாட்டிலைத் திறந்து, மூடியைச் சரியாகத் திருகாமல் போனது நானேதான். "சரி, போங்க" என்றேன், பெரிய மனது பண்ணி மன்னிப்பவள் போல. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மணி அடிப்பதற்குள் ஆயாம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கையில் எதிர்க்கடை சோடா.

"மூடிய நீங்களே தொறங்க மிஸ். நான் கை வைக்கல."

திறந்தேன். புஸ்ஸென்றது. திராட்சைகள் ஏறின, இறங்கின. வகுப்பு கைதட்டியது, எனக்காக.

ஆயாம்மா வாசலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இப்ப கேஸு இல்லதானே மிஸ்?"

டம்ளர் முழுக்கக் குமிழி. "இல்ல ஆயாம்மா" என்றேன்.

திறந்தது நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. எல்லா மேசைகளையும் காலையிலேயே துடைத்துவிடுகிறார். என் மேசையை மட்டும், நான் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் துடைக்கிறார்.