சேவியர் அண்ணன் போட்டு வச்ச நேரம்

நாகல் நகர்ல ஆரோக்கியம் அக்கா கம்ப்யூட்டர் சென்டர் நடத்துறாங்க. கம்ப்யூட்டர் எப்படி முழிக்கணும்னு சொல்ற பயாஸ் செட்டிங்கை எல்லா மெஷின்லயும் மாத்துற வேலை நேத்து எனக்கு.

ஒவ்வொண்ணா உக்காந்து மாத்த யாரால முடியும்? அவங்க வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் மேசையில இருந்த கம்ப்யூட்டர்லயும் மத்ததுல இருக்குற அதே மதர்போர்டுதான். அண்ணன் போன வருசம் தவறிட்டார். அதுக்கப்புறம் பிளக்கைப் புடுங்கி வச்சதோட சரி, அதை யாரும் தொடல. செட்டிங் எல்லாம் பக்காவா இருந்துச்சு. பென் டிரைவ்ல எடுத்து எல்லாத்துலயும் ஏத்திட்டு வந்துட்டேன்.

இன்னைக்குக் காலைல அக்கா போன்.

"தம்பி, செத்த வாரியா? சர்ச்ல பூசை முடிஞ்சு வந்து கதவைத் தொறக்குறேன், யாரும் தொடாமலே எல்லாம் ஒண்ணா ஆன் ஆகுது."

ஓடிப் போய்ப் பாத்தேன். அண்ணன் பூசை முடிஞ்சு வர்ற நேரத்துக்குத் தானா ஆன் ஆகுற மாதிரி போட்டு வச்சிருந்திருக்கார். அதுவும் சேந்து ஏறியிருக்கு.

அவரோட கம்ப்யூட்டர் மட்டும் இருட்டா இருந்துச்சு. நேத்து ஓடுனது, இன்னைக்குப் பட்டனை அமுக்குனாலும் உசுரு வரல.

"மத்ததுல ஏறுன அந்த நேரத்தை எடுத்துரவாக்கா?"

அக்கா அண்ணன் மேசையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க.

"எடுத்துரு. ஒண்ணுல மட்டும் விட்டுரு. எதுலன்னு எங்கிட்ட சொல்லாத."

விட்டுட்டு வந்துட்டேன். அங்க காலை பேட்ச் போறவங்க யாராச்சும் இங்க இருந்தா, நாளைக்குப் பக்கத்து மெஷின் தானா முழிச்சா அலறாதீங்க. ஒரு வணக்கம் சொல்லிருங்க.