மகா ஓயாவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கொழும்பு

எங்கள் ஊரில் கொழும்பு மகா ஓயாப் பாலத்தில் தொடங்கிவிடும். புத்தளம் மாவட்டம் முடிகிற இடம் அது. பாலத்தைத் தாண்டினால் ஆள் கொழும்புக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். நீர்கொழும்பில் மீன் ஏற்றுகிறவர் கொழும்பில்தான் இருக்கிறார். கடவத்தையில் டயர் கடை வைத்திருப்பவரும், மல்வானையில் கலியாணம் முடித்தவரும், பாணந்துறையில் வாடகைக்கு இருப்பவரும் கொழும்பில்தான். கம்பஹா, களுத்துறை என்று தனி மாவட்டங்கள் இருப்பது பரீட்சைக்கு மட்டும் தேவைப்படுகிற விஷயம். மூன்று மாவட்டத்தையும் சேர்த்து ஒரே பெருநகரமாக்கப் போகிறோம் என்று செய்தியில் வரைபடம் போட்டுக் காட்டியபோது எங்கள் கற்பிட்டியில் ஒருவரும் அசையவில்லை. நாங்கள் அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டோம்.

இதில் உள்ள ஒரே தொல்லை பார்சல். யாராவது கொழும்புக்குப் போகிறார் என்று கதை பரவினால் போதும், விடிவதற்குள் வாசலில் கருவாட்டுப் பார்சல் வந்திருக்கும். கொழும்பில் இருக்கும் மகளிடம் கொடுத்துவிடச் சொல்வார்கள். மகள் இருப்பது ஹோமாகமையில், போகிறவர் இறங்குவது வத்தளையில். என் மூத்த சகோதரர், காக்கா, ஒருமுறை அப்படி மூன்று பஸ் மாறிப் போனார். மூன்றிலும் அவருக்குப் பக்கத்து சீற்றில் யாரும் உட்காரவில்லை, அந்தளவுக்கு வசதி.

ஊரில் இந்தக் கணக்குக்கு ஒத்துவராத ஒரே மனிதர் என் வாப்பா. அவரை எல்லோரும் கொழும்பு முதலாளி என்பார்கள். இளவயதில் கொழும்புப் புறக்கோட்டையில் பதினொரு வருடம் கருவாட்டுக் கடை வைத்திருந்தாராம். அந்தப் பெயரைச் சொல்லித்தான் உம்மாவையும் கலியாணம் முடித்தார். களனி கங்கையைக் கடந்தால்தான் கொழும்பு, இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கொழும்புக்குப் போகிற வழி என்பார். யாராவது வத்தளையைக் கொழும்பு என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் விளங்கப்படுத்தி முடியும்வரை எழும்ப முடியாது.

அப்படிப்பட்டவர் என் கலியாணப் பேச்சு வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை கொழும்பில் இருக்க வேண்டும். நான் மனதில் வைத்திருந்தவர் களனி கங்கைக்கு இந்தப் பக்கம், ஜா-எலயில் குளிரூட்டி திருத்துகிற வேலையில் இருந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்து பாலாவிப் பக்கம் குடியேறிய குடும்பம். புத்தளத்தில் ஒரே டியூஷன் வகுப்பில் படித்தோம், அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். அவருடைய ராத்தா சம்பந்தம் பேச வந்தபோது, தம்பிக்குக் கொழும்பில் வேலை என்றார். ஊர் வழக்கப்படி அதில் துளி பொய்யில்லை. வாப்பாவின் கணக்குப்படி முழுப் பொய். ஜா-எல என்று தெரிந்த நிமிடமே கதை முடிந்துவிடும்.

இடத்தை நேரில் பார்க்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று வாப்பா வாடகைக்கு ஒரு வான் பேசினார். கலியாணம் பேசுகிற பெண் கூடப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் வான் ஓட்டுகிற மச்சானுக்குச் சிலாபத்துக்கு அங்கால வழி தெரியாது, ஃபோனில் வழி பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உடுப்பு வாங்க வருகிறேன், மாப்பிள்ளையின் வீட்டு வாசலில் வானை விட்டு இறங்க மாட்டேன் என்று உம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு முன் சீற்றில் ஏறிக்கொண்டேன். உம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வரவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

கொழும்பு வந்ததும் சொல்லும்படி வாப்பா பின்னாலிருந்து சொன்னார். நான் மகா ஓயாப் பாலத்திலேயே கொழும்பு தொடங்கிவிட்டது என்று அறிவித்தேன். திட்டுவார் என்று பார்த்தால் தலையை ஆட்டிக்கொண்டார். நீர்கொழும்பில் கடைப் பலகைகளில் கொழும்பு வீதி என்று எழுதியிருப்பதை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். கொழும்பு வீதி எங்கள் புத்தளத்திலும்தான் இருக்கிறது, அதை அவர் ஞாபகப்படுத்தாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். விமான நிலையத்துக்குத் திரும்புகிற சந்தியில், இதோ பாருங்கள், கொழும்பில்லாமல் வேறு எங்கே பிளேன் இறங்கும் என்று கேட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார், முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது, வானைத் திருப்பிவிடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

ஜா-எல நெருங்கியதும் நான் ஃபோனில் சார்ஜ் முடிந்துவிட்டது என்றேன். இடத்தின் பெயர் திரையில் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்ததால் அதைக் கவிழ்த்துப் பிடித்தேன். மச்சான் திகைத்துப்போய் வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் வாப்பா வாய் திறந்தார். அடுத்த வளைவில் இடப்பக்கம் எடு, சந்தைக்குப் பின்னால் போனால் நெரிசல் இருக்காது என்றார். மச்சான் எடுத்தார். நெரிசல் இருக்கவில்லை.

சந்தை மூலையில் ஒரு தேத்தண்ணிக் கடை. மாப்பிள்ளை வந்து கூட்டிப்போகும்வரை அங்கே நிறுத்தினோம். வாப்பா இறங்கி ஓர் அடி வைப்பதற்குள், கடையிலிருந்து வயதான சிங்கள மனிதர் ஒருவர் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். கரவல முதலாளி, கரவல முதலாளி என்கிறார். சிங்களத்தில் கருவாட்டு முதலாளி. எதிரே வாப்பா கருவாட்டுத் தட்டுப் போட்டிருந்த இடத்தில் இப்போது ஃபோன் கவர் விற்கிறார்கள் என்றார். பதினொரு வருடம் இங்கே எதிரெதிரே கடை வைத்திருந்துவிட்டுச் சொல்லாமல் போனாயே என்று கோபித்தார். கடைசியாக, களனிப் பாலத்துக்கு அங்கால போனால் வழி தவறிவிடும் என்று பயப்படுவாயே, அதற்குப் பிறகாவது கொழும்பைப் பார்த்தாயா என்று கேட்டார்.

வான் கண்ணாடி திறந்திருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அது வாப்பாவுக்கும் தெரியும்.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மெதுவாக வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கட உம்மாட வாப்பாவும் கொழும்பு மாப்பிள்ளதான் வேணுமெண்டு நிண்டவர், மகள். உம்மாக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இத்தனை வருடம் களனி கங்கையைக் காவல் காத்தவர் அதைக் கடந்ததே இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் ஃபோன் கவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது கொழும்புதானே மகள்?" என்றார்.

"ஓம் வாப்பா. கொழும்புதான்."

மாப்பிள்ளை வந்து அவரைக் கூட்டிப்போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பியவர், அறைகள் விசாலம், கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், கொழும்பில் இப்படி ஓர் இடம் லேசில் கிடைக்காது என்று மச்சானுக்குக் கேட்கும்படி சொன்னார். வழியெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் கள்ளர் மாதிரி ஒருவரையொருவர் பார்க்காமல் வந்தோம். வீட்டில் உம்மா கேட்டதற்கு, தான் இருந்த இடத்துக்குக் கிட்டத்தான் மாப்பிள்ளையும் இருக்கிறார் என்றார் வாப்பா. அவர் வாயிலிருந்து அந்த விஷயத்தில் வந்த முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். கலியாணக் கார்ட் அச்சாகி வந்தபோதுதான் மாட்டிக்கொண்டோம். அச்சகத்துக்கு மாப்பிள்ளை தன் விலாசத்தை உள்ளபடி அனுப்பியிருந்தார், நல்ல பிள்ளை. அவர் பெயருக்குக் கீழே தடித்த எழுத்தில் ஜா-எல. அன்றைக்குப் பார்த்து வீட்டில் இரண்டு மாமிமாரும் பக்கத்து வீட்டாரும் வந்திருந்தார்கள். வாப்பா கார்ட் கட்டை அவிழ்த்தார், மேல் கார்டைப் பார்த்தார், அப்படியே சாரத்துக்குள் செருகப் பார்த்தார். உம்மா எட்டி ஒன்றை எடுத்துவிட்டார்.

கதிரையில் சாய்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்க வாசிக்கத் தொடங்கினார். பிஸ்மி, பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், எல்லாம் எழுத்துப் பிசகாமல். வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். உம்மா அந்த வரிக்கு வந்தார். கண் அதன் மேல் நின்றதை நான் பார்த்தேன்.

"கொழும்பு," என்று வாசித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.

குசினிக்குள் அவர் பின்னாலேயே போனேன். அவர் அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட வாப்பா எழுதின கடிதம் அவ்வளவும் அலுமாரிக்குள்ள இரிக்கிது மகள். மேல கொழும்பு எண்டு எழுதுவார். தபால் முத்திர மட்டும் எல்லாத்துலயும் ஜா-எல. எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

பிறகு ஏன் இத்தனை வருடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா, பொறகு இந்த ஊர்ல அவர் ஆரு?" என்றார் உம்மா. வெளியே வாப்பா மாமிமாருக்கு, களனி கங்கையைக் கடந்தால்தான் கொழும்பு என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். உம்மா தேத்தண்ணியில் அவருக்கு மட்டும் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டு என் கையில் தந்தார்.