வாசலில் கிடந்த கறுப்புச் செருப்பு

என் மனைவிக்கு வலது காலின் பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடியெலும்பு கொட்டைப்பாக்கு மாதிரி புடைத்திருந்தது. நடந்தாலே வலி. மதுரை டாக்டர், காலைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னத் துளைகள் வழியாகவே எலும்பை வெட்டி நேராக்கித் திருகாணி போட்டுவிடலாம் என்றார். நான் லீவில் பெரியபட்டினம் வந்திருந்தேன். ஆபரேசன் என்றால் உம்மா சம்மதிக்க மாட்டார்கள். ஒரு பொய் சொன்னேன்.

“ஆபரேசன்லாம் இல்ல உம்மா. ஊசி போடுற மாதிரிதான்.”

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரத்துக்கு, வீட்டுக்குள் இரண்டு எட்டு வைத்தாலும், ஆஸ்பத்திரியில் கொடுத்த, அடி வளையாத கறுப்புச் செருப்போடுதான் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மனைவியிடம் அதை நூறு தடவை சொல்லிவிட்டு சார்ஜாவுக்கு விமானம் ஏறினேன். உம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பொய்யின் சாயம் வெளுத்துவிடுமே!

நோன்பு வந்தது. வீடியோ காலில் அவள் முகத்தை மட்டும் காட்டுவாள். “கால் நல்லாருக்கு மச்சான்” என்பாள். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

பெருநாளுக்கு வாசலில் பெயிண்ட் அடித்திருப்பதைக் காட்ட, ஒரு நாள் உம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் சுவரைப் பார்க்கவில்லை. படியோரம் மற்ற செருப்புகளோடு அந்தக் கறுப்புச் செருப்பும் கிடந்தது. மேலே பெயிண்ட் துளிகள்.

“அது ஏன் உம்மா அங்கன கிடக்கு?”

“தொழுகுற வீட்டுக்குள்ள செருப்பு போடலாமா வாப்பா? வெளிய போனா போட்டுக்கிருவா.”

பின்னால் என் மனைவி கஞ்சிச் சட்டியோடு வெறுங்காலில் போய்க்கொண்டிருந்தாள்.

“அவள உக்காரச் சொல்லுங்க! எலும்ப வெட்டிருக்கு உம்மா!” என்று கத்தினேன்.

“எலும்பையா? ஊசி மாதிரின்னு நீதான வாப்பா சொன்னே?”

அவளை உட்காரவைத்து, காலைக் காட்டச் சொன்னேன். விரல் பழையபடி சாயத் தொடங்கியிருந்தது. யார்மேல் கோபப்படுவது? என்மேல்தான்.

உம்மா போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்தச் செருப்பைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தார்கள். தரையில் உட்கார்ந்து, மருமகளின் காலைத் தன் மடியில் வைத்து மாட்டிப் பார்த்தார்கள். கால் அவ்வளவு வீங்கியிருந்தது. செருப்பின் பட்டி எட்டவில்லை. உம்மா இழுத்து இழுத்துப் பார்ப்பதை நான் சார்ஜாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.