கோயில் மாடும் என் உடலியங்கியல் படிப்பும்

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பப் பாடங்களை வரிசையாக நிரப்பச் சொன்னார்கள். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்று டாக்டருக்கு நெருங்கிய சொந்தம், தூரத்துச் சொந்தம் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகும் கடைசியில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது. காலியாக விடவும் மனம் வரவில்லை. பட்டியலில் கண்ணில் பட்ட ஒன்றை அழுத்தினேன்: விலங்கு, தாவர உடலியங்கியல். மேலே எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. இது கிடைத்தது.

அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். சிம்பாங் அம்பாட் பக்கம் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் சேர்ந்திருக்கும் சின்ன தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. கடிதம் வந்த அன்று சாயங்காலமே அப்பா கோயிலில் சொல்லிவிட்டார், மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று. நான் பதறிப்போய், "டாக்டர் இல்லப்பா, பிசியாலஜி" என்றேன். அப்பா மறுநாள் அதையும் போய்த் திக்கித் திணறிச் சொன்னார். கேட்டவர்கள் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். 'பிசியோ' என்றால் கை கால் பிடித்துவிடுகிற டாக்டர்தானே.

முதல் செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது வாசலில் முழங்கால்கள் காத்திருந்தன. முதல் முழங்கால் கோயில் தலைவருடையது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கி, காலை இன்னொரு நாற்காலியில் தூக்கிப் போட்டார்.

"பாப்பா, சும்மா ஒரு அமுக்கு அமுக்கிப் பாரு லா. பூஜைக்கு உக்காந்தா எந்திரிக்க முடியல."

"அங்கிள், நான் படிக்கிறது அது இல்ல. தவளையோட தசை எப்படி வேலை செய்யுது, அந்த மாதிரி..."

"தவளைக்கே பாக்குற. மனுசனுக்குப் பாக்க மாட்டியா?"

அமுக்கினேன். என்ன செய்வது? நன்றாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு வந்த முழங்கால்களுக்கும் தோள்பட்டைகளுக்கும் கணக்கில்லை. அடுத்த விடுமுறையில் ஒரு ஆன்ட்டி மிளகாய்ச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார், இலை சுருட்டிக்கொள்கிறதாம். 'தாவர' என்ற பாதி அவர் காதுக்கு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது.

பல்கலைக்கழகத்தில் நான் கற்றுக்கொண்டிருந்தது வேறு. மூன்றாம் செமஸ்டரில் மாட்டின் வயிறு மட்டும் நான்கு வாரம் நடந்தது. நான்கு அறை, அறைக்கு ஒரு வாரம். முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைப்பதும், அங்கே அமிலம் கூடினால் வயிறு அசைவை நிறுத்திவிடுவதும், வாயு வெளியேற வழியில்லாமல் மாடு ஊதிப்போவதும் எனக்கு மனப்பாடம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். அந்த நான்கு வாரத்தில் வகுப்புக்கு வயிறுதான் வந்தது, அதுவும் திரையில். மாடு ஒருநாளும் வரவில்லை.

அந்த வருடம் கோயில் நிர்வாகம் எனக்குப் பாராட்டு விழா வைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கோயில் மண்டபத்தில். நுழைவாயிலில் பேனர். பள்ளிச் சீருடையில் நான் திருதிருவென்று விழிக்கும் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கீழே 'வருங்கால மருத்துவர்' என்று அச்சடித்திருந்தார்கள். அப்பாவை ஓரமாக இழுத்துச் சொன்னேன்.

"அப்பா, இது பொய்ப்பா."

"இருக்கட்டும்மா. அவ்வளவு பெருசா அடிச்சிட்டாங்க."

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து நாற்பது நிமிடம் பேசினார். அதில் என்னைப் பற்றி நான்கு நிமிடம். மீதி, அவர் தலைமையில் மண்டபத்துக்குக் கூரை போட்ட வரலாறு. பிறகு பொன்னாடை, பிறகு சாப்பாடு. முந்நூறு பேருக்குச் சமைத்திருந்தார்கள். வந்தது அதில் பாதிகூட இல்லை. மீந்த சோற்றை வீணாக்குவது பாவம் என்று தலைவரே இரண்டு வாளிச் சோறும், மேலே ஊற்றிப் பாயசமுமாகக் கோயில் மாட்டுக்கு வைத்தார். அபிஷேகத்துக்குப் பால் கொடுக்கிற பசு அது. கூச்சமே இல்லாமல் இரண்டு வாளியையும் நக்கித் துடைத்துவிட்டதாகப் பிறகு பெருமையாகச் சொன்னார்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நான் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

"டாக்டர் பாப்பாவக் கூப்பிடு லா, சீக்கிரம்!"

பசு கால்களை அகட்டி நின்றது. இடது பக்க வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு மாட்டின் பக்கத்தில் நான் அவ்வளவு நெருங்கி நின்றது அதுவே முதல் தடவை. அதன் கண் என் உள்ளங்கை அளவு இருந்தது. பாடப்புத்தகத்தில் கண்ணைப் போடவே இல்லை.

"எனக்குத் தெரியாது அங்கிள். நான் மாட்டு டாக்டர் இல்ல. டாக்டரே இல்ல."

"பாத்தீங்களா, என்னா அடக்கம்" என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து.

ஒருவர் கேஸ் பானம் ஒரு போத்தல் கொண்டுவந்தார், குடித்தால் ஏப்பம் வந்துவிடுமாம். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "அது வேண்டாம்! உள்ளே ஏற்கெனவே கேஸ்தான் நிக்குது. என்னா சாப்பிட்டுச்சு?"

சோறு என்றார்கள். பாயசமும் என்றார்கள். தேர்வுத்தாளின் பதினோராவது கேள்வி அப்படியே என் கண்முன் வந்து நின்றது. சோறு, சர்க்கரை, அமிலம், வயிறு நின்றுபோவது. விடை தெரியும். விடைத்தாளுக்கு வெளியே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அமிலத்தைக் குறைக்க சோடா மாவு என்று நினைவு வந்தது. எவ்வளவு, எப்படி? வாயில் ஊற்றி அது நுரையீரலுக்குள் போய்விட்டால்? நான் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். பக்தி என்று நினைத்திருக்கலாம்.

"அப்பா, கால்நடை டாக்டர் யாராச்சும் வேணும். இப்பவே."

அப்பாவுக்கு ஆடு வளர்க்கிற நண்பர் ஒருவர் உண்டு. அவரிடம் எண் வாங்கி அழைத்தார். புக்கிட் காத்திலிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வருவதாகச் சொன்னார். அதுவரை மாட்டைப் படுக்கவிடாமல் மெல்ல நடத்தச் சொன்னார். நானும் அப்பாவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றினோம். என்னவோ பிரார்த்தனை என்று நினைத்துப் பின்னால் நான்கைந்து பேர் கைகூப்பிக்கொண்டே வந்தார்கள்.

மருத்துவர் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவர், ஐம்பது வயதிருக்கும், பூட்ஸ் போட்டிருந்தார். யாரையும் கேட்காமல் ஒரு நீண்ட ரப்பர் குழாயைப் பசுவின் வாய்வழியே வயிற்றுக்குள் இறக்கினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. தலைவர் அதன் நேரெதிரே நின்றிருந்தார். மூக்கைப் பொத்தவும் முடியாமல், நகரவும் முடியாமல் அவர் பட்ட பாட்டை நான் தனியாக எழுத வேண்டும். பிறகு மருத்துவர் சோடா மாவைக் கரைத்து அதே குழாயில் ஊற்றினார்.

"ஆர் இதுக்குச் சோறு வச்சது?"

தலைவர் தான் போட்ட மண்டபக் கூரையை அண்ணாந்து பார்த்தார். மருத்துவர் என்னிடம் திரும்பினார். "நீதான் சோறு எண்டு கண்டுபிடிச்சனியாம். வெட்னரியோ?"

"இல்ல டாக்டர். விலங்கு, தாவர உடலியங்கியல்."

"ஓ. அப்ப மாட்டுக்கு ஏன் வயித்து வருத்தம் வந்தது எண்டு உனக்குத் தெரியும், என்ன செய்யிறது எண்டு தெரியாது." குழாயைச் சுருட்டினார். "பரவாயில்லை பிள்ளை. இங்க கனபேருக்கு ரெண்டும் தெரியேல்லை."

பசு பிழைத்துக்கொண்டது. மறுநாள் தாமான் முழுக்கப் பேச்சு, டாக்டர் பாப்பா தொட்டதும் மாடு எழுந்து நடந்ததாம். குழாய், பூட்ஸ் எதுவும் அந்தக் கதையில் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அப்பாவின் லோரியில் ஏறி உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பா, நான் படிச்சு முடிச்சாலும் டாக்டர் ஆக மாட்டேன். உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

அப்பா சாவியைத் திருகாமல் கையிலேயே வைத்திருந்தார். "மொத நாளே தெரியும்மா. லெட்டர உன் டீச்சர்கிட்ட காட்டிக் கேட்டேன்."

"அப்புறம் ஏன்பா?"

"எல்லாரும் என்னா படிப்புன்னு கேக்குறாங்க. அந்தப் பேரு எனக்கு வாயில வரல. டாக்டர்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

அப்பா அந்த வாரக் கோயில் கூட்டத்திலேயே எழுந்து நின்று உண்மையைச் சொன்னார். அவர் வாழ்நாளில் கூட்டத்தில் பேசியது அன்றுதான். தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினாராம். "பரவால்ல. குறிப்புப் புத்தகத்துல மாத்தி எழுதிருவோம். என்னா படிப்பு அது?" அப்பா இரண்டு முறை முயன்றிருக்கிறார். கடைசியில் செயலாளர் 'உயர்ந்த படிப்பு' என்று எழுதி முடித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அந்த விடுமுறையின் மிச்ச நாட்களில் நான் புக்கிட் காத்தில் மருத்துவரோடு சுற்றினேன். ஒரு ஆடு என்னை முட்டியது, ஒரு மாடு உதைத்தது. இரண்டாலும் பாடம் கொஞ்சம் உள்ளே இறங்கியது. பட்டம் வாங்கி, இப்போது பாயா ரும்புட் பக்கம் ஒரு கால்நடைத் தீவனத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. சொந்தக்காரர்களிடம் சொன்னால், "இதுக்கா யூனி போன?" என்கிறார்கள்.

அப்பா அப்படிக் கேட்கவில்லை. போன மாதம் ஒருநாள், "செடியும் படிச்சியே, அதுல என்னா இருக்கு?" என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் லோரி நிறுத்தியிருந்த தோட்டத்துக்குப் போனேன். ஒரு செம்பனை இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து, என் கைப்பேசியில் மாட்டிய சின்ன உருப்பெருக்கியில் வைத்துக் காட்டினேன். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சின்னச் சின்ன வாயாட்டம் இருக்கு."

"இது வழியாத்தாம்பா மரம் மூச்சு விடும்."

"மூடியில்ல கெடக்கு?"

"வெயில் அதிகமானா மூடிக்கும். தண்ணி போயிடக் கூடாதுல்ல."

அப்பா நிமிர்ந்து, உச்சி வெயிலில் இன்னும் ஏற்றப்படாமல் கிடந்த குலைகளைப் பார்த்தார். "உச்சி வெயில்லயும் வேலை வாங்குற எங்க மண்டோருக்கு இதக் கொஞ்சம் காட்டு லா" என்றார்.