ஒட்டாமல் போன எஃகுக் கட்டைகள்

எஸ்கில்ஸ்டூனா நகரத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் எஃகுக் கட்டை தேய்த்தவள் டெக்லா நோர்லிங். அளவுகோலுக்கே அளவு சொல்லும் கட்டைகள் அவை. அவற்றில் முகம் பார்க்கலாம். இரண்டை அழுத்தித் திருகினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு நெருங்கிவிட்டால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன என்பார்கள் படித்தவர்கள். டெக்லாவோ, "அதுங்களுக்குள்ள ஒரு இது" என்பாள்.

தேய்த்த கட்டைகளை அளந்து சரிபார்க்கும் அளவு மேசைக்காரர் ஓய்வு பெற்றார். அதுவரை எந்தப் பெண்ணும் உட்காராத அந்த நாற்காலியை டெக்லா கேட்டாள். மேஸ்திரி யால்மர் பெர்க்வால் யோசித்தார். வெள்ளிக்கிழமை காப்பி வேளையில், எல்லோர் முன்னிலையிலும், எட்டுக் கட்டைகளை ஒரே கம்பமாக ஒட்டித் தூக்க வேண்டும். தவறினால் மறுபடி கேட்கக்கூடாது என்றார்.

தினமும் செய்கிற வேலைதான். ஆனாலும் பரீட்சை அல்லவா? கட்டைகளையும் தன் கைகளையும் முழங்கைவரை ஸ்பிரிட்டால் மூன்று தடவை கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

முதல் இரண்டைத் திருகினாள். மேல்கட்டை மட்டும் கையோடு வந்தது. மறுபடி திருகினாள். அப்போதும் அப்படியே. நாற்பது காப்பிக் கோப்பைகள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன. ஒட்டாத கட்டையை அவள் பார்த்ததே இல்லை.

"என்னம்மா, அதுங்களுக்குள்ள சண்டையா?" என்றார் மேஸ்திரி.

டெக்லா தன் கைகளையே பார்த்தாள். திருகுமுன் கட்டையை மணிக்கட்டில் ஒரு தடவை இழுப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தோலின் எண்ணெய்ப் பிசுக்கு, கண்ணுக்குத் தெரியாத படலமாக நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் கழுவித் தொலைத்திருந்தாள்.

கட்டையை எடுத்துத் தன் பிடரியில் தேய்த்தாள். "கருமம், அழுக்கு" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். டெக்லா திருகினாள். ஒட்டியது. அப்படியே ஒவ்வொன்றாக எட்டும் ஒட்டின.

"ஊதினா விழுந்துடும்" என்றார் மேஸ்திரி.

"ஊத வேணாம் மேஸ்திரி. தொங்கிப் பாருங்க."

கம்பத்தின் இரு முனையிலும் கவ்வி மாட்டி, மேல்கவ்வியை உத்தரத்தில் கட்டி, கீழ்க்கவ்வியில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக் காலை மடக்கினார். தொங்கினார். கம்பம் விடவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். அவரைத் தராசில் நிறுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இறங்கிய பிறகும் கம்பத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு" என்றார். "மேசையைத் துடைச்சு வெக்கச் சொல்றேன்."